நெல்லைக் கண்டதும் பிடித்த பிரேக்

மாசி மூன்று, செவ்வாய்.

பெற்ற மகளை இன்று நானே கீழே தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் கௌசல்யாவுக்குச் சைக்கிள் டிராக்கில் செலக்‌ஷன். தேறினால்தான் டீமில் இந்த வருஷமும் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்ட முடியும். அதற்காகத் தினமும் நான் மொபெட்டில் முன்னால் பறக்கிறேன். எதிர்க்காற்று படாமல் அவள் என் பின் சக்கரத்தை ஒட்டியே மிதித்து வருகிறாள். எனக்கு ஒரே சட்டம்தான், பிரேக்கைத் தொடக் கூடாது.

தா.பழூர் ரோட்டில் வளைவு திரும்பினால் பாதி ரோட்டுக்கு நெல் காய்கிறது. எதிரே பஸ் வந்ததால் ஒதுங்க இடமில்லை. நெல் மேலேயே போயிருக்க வேண்டும். சாப்பிடுகிற நெல்லாயிற்றே, கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. அவள் என் வண்டியில் இடித்து நெல்லிலேயே விழுந்தாள்.

"ஒட்டுன நெல்லயெல்லாம் உதறிட்டு வாடி, அவரு அளந்து பாப்பாரு" என்றேன். ஓரமாக நின்ற நெல்லுக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் மருந்து போடும்போது, "நாளைக்கு வேற யாரயாவது வரச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"உன் வாய்க்குப் பயந்துதாம்மா நான் அந்த வேகத்துல மிதிக்கிறேன். நீதான் வரணும்."

"சரி, நெல்லு மேலயே வுட்டுடுறேன். தொட்டு மட்டும் கும்புட்டுக்குறேன்."

"கைய எடுத்தீன்னா மறுபடியும் வுழுவேன். மனசுக்குள்ள கும்புடு."

பெட்ரோல் போட்டு வைத்துவிட்டேன். விடிந்ததும் அதே ரோடுதான். கும்பிட வேண்டியதை இப்போதே கும்பிட்டாயிற்று.