இருபத்தைந்து நிமிட விமானம்

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

இன்று பாப்பாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்து அல்ல.

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் இடமில்லை என்று என் தம்பிக்குத் தூத்துக்குடிக்கு டிக்கெட் போட்டது என் கொழுந்தன். "அங்கயிருந்து மதுரைக்குப் பிளேன்ல இருபத்தஞ்சு நிமிசந்தான் மதினி, போன்லயே போட்டிருக்கு" என்றான். அது வானத்தில் தூரத்தை அளந்து போட்ட கணக்கு. அப்படியொரு விமானமே ஓடவில்லை என்பது தம்பி அங்கே இறங்கிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கார் பிடித்து அலங்காநல்லூர் வந்து சேர அவனுக்கு மூன்று மணி நேரம் ஆனது.

அதற்குள் முகூர்த்தம் போய்விடும் என்று கொழுந்தனே பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "ஏன், சித்தப்பன் மடியில வச்சா குத்தாதோ?" என்று சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் முன்னால் கல்கண்டுத் தட்டை எடுத்து நீட்டினேன்.

தம்பி வாங்கி வந்த தோடு பெட்டியிலேயே இருக்கிறது. பாப்பா காதில் ஆசாரியிடம் இருந்த கம்பி. "விடுக்கா, காது ஆறுனதும் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டான்.

சற்று முன் கொழுந்தன் போனில் கேட்டான்: "மச்சான் ஊரு போய்ச் சேந்துட்டாரா மதினி?"

"இருபத்தஞ்சு நிமிசத்துல போயிட்டான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தம்பியிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.