வகுப்பில் ஆறு பேர்

எண்ணூர்,
12-8-1951

வாத்தியார் ஐயாவுக்கு,

நீங்கள் மறந்துவிட்டுப் போன குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பள்ளிக்கூடக் கொட்டகையில் இப்போது வலை போட்டு வைத்திருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் பையன்களைத் திருவொற்றியூரில் சேர்த்துவிட்டார்கள். பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பவில்லை. என் மகள் மலர்க்கொடி அம்மாவோடு மீன்கூடை தூக்குகிறாள்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நாற்பது பிள்ளைகளும் வகுப்பில் இருக்க வேண்டும் என்று என்னிடம்தான் சொன்னீர்கள். நானும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்று காலை கவலை மீன் கூட்டம் கரைக்குப் பக்கத்திலேயே கறுப்பாகத் திரண்டது. கட்டுமரத்திலிருந்து துண்டை வீசினால், கரையில் இருக்கிற எல்லோரும் வலைக்கயிறு பிடிக்க ஓடி வருவார்கள். பிடித்த கைக்கு மீன் உண்டு, சின்னக் கையானாலும். அன்றும் துண்டு பறந்தது; எந்தக் கட்டுமரத்திலிருந்து வீசினார்கள் என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தபோது வகுப்பில் ஆறு பேர். அதில் ஒருத்தி மலர்க்கொடி. மானியம் நின்றது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், நீங்கள் பெட்டியோடு ரயிலேறினீர்கள். அப்போதும் யாரையும் குறை சொல்லவில்லை.

“இப்போ எழுதி இன்னா ஆவப் போவுது? வாத்தியார் திரும்பி வந்துடுவாரா?” என்கிறாள் என் வீட்டுக்காரி. வரச் சொல்லி எழுதவில்லை, ஐயா.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்வதை மலர்க்கொடிதான் நீங்கள் கற்றுக்கொடுத்த தமிழில் எழுதுகிறாள். துண்டு வீசியது நான்தான் என்று இப்போது சொன்னேன். பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
உங்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய வீட்டுக்காரன்,
கைநாட்டு.