நாற்சந்தியில் விரிந்த கை

செப்டம்பர் 3, 2012
தலைநகர் ஹராரேயில் இரு கட்சிகளும் சேர்ந்து கூட்டரசாங்கம் அமைத்து நான்காம் ஆண்டு. எங்கள் சிரிம்பா ஊர்க் கண்காணிப்புக் குழுவில் மூவர்: முஷ்டிச் சின்னக் கட்சிக்கு மசேகோ, விரிந்த கைச் சின்னக் கட்சிக்கு மாய் ருக்குனி (மாய் என்றால் அம்மா), இருவரும் அடித்துக்கொள்ளாமலிருக்கத் திருச்சபை அனுப்பிய நான். மாத அறிக்கையின் முதல் வரி: "அரசியல் சூழல் அமைதி." முன்னால் 'ஓரளவு' வேண்டும் என்றார் மாய். 'முழு' என்றார் மசேகோ. மதியச் சட்சா களி ஆறிப்போயிற்று. இரண்டையும் போட்டோம்: "ஓரளவு முழு அமைதி." தேர்தலுக்கு ஊர் தயாரா என்பதை நாளைக்கு வைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 5
புகார். நாற்சந்தியில் போக்குவரத்தைப் பார்க்கும் கான்ஸ்டபிள் தெண்டேகாய், முஷ்டிக் கட்சி அமைச்சரின் வண்டியை உள்ளங்கை விரித்து நிறுத்தினாராம். அது மற்ற கட்சியின் சின்னமாம். இந்த ஊரில் கையசைத்து உதை வாங்கியவர்கள் உண்டு. பேருந்தைக்கூட ஒற்றை விரலால்தான் நிறுத்துகிறோம். ஆனால் போலீஸ்காரரே? பிங்காவுக்கு மாற்றல் — நாட்டின் மறுகோடி. மனைவி நிறைமாதம். குழுவில் மூவரும் ஒப்பினால் மட்டும் மாற்றல் ரத்தாகும்.

செப்டம்பர் 6
விசாரணை.
"வேற எப்படிய்யா நிறுத்துறது?" என்றார் தெண்டேகாய்.
"முஷ்டியத் தூக்கு தம்பி. நிக்காம எங்க போவான்?" என்றார் மசேகோ.
"முஷ்டியப் பாத்தா எங்க ஜனங்க நிக்க மாட்டாங்கண்ணே. ஓடுவாங்க," என்றார் மாய் ருக்குனி.
நான் சிரிக்கவில்லை. நடுநிலை.

செப்டம்பர் 7
மசேகோ ஒப்பவில்லை. தெண்டேகாயின் மனைவி வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? என்ன பெரிய நடுநிலை? ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு நாற்காலி, அவ்வளவுதான் நான்.

செப்டம்பர் 10
மசேகோ தாமே செய்துகாட்ட நாற்சந்தியில் இறங்கினார். முஷ்டியை உயர்த்தினார். முதல் வண்டி ஹாரன் அடித்து ஆதரவு தெரிவித்துவிட்டுப் போயிற்று. அடுத்ததில் ஓட்டுநரும் முஷ்டியை உயர்த்தினார், வேகத்தையும் உயர்த்தினார். பின்னால் சோள மூட்டை லாரி. அதற்குக் கொள்கை இருந்ததாகத் தெரியவில்லை. மசேகோவின் இரு கைகளும் தாமாக விரிந்தன. லாரி அவர் தொப்பைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சந்தையே பார்த்தது.
"வாங்கண்ணே, வாங்க," என்றார் மாய் ருக்குனி. "ரெண்டு கையாலயும் வந்திருக்கீங்க. உறுப்பினர் அட்டையும் ரெண்டாப் போட்டுரலாமா?"

செப்டம்பர் 11
மசேகோவிடம் விளக்கம் கேட்டு அவர் கட்சி ஆள் அனுப்பியிருக்கிறது. இன்று குழுவுக்கு எங்களுக்கு முன்பே மசேகோ வந்து உட்கார்ந்திருந்தார். தீர்மான வாசகமும் அவருடையதே: "சிரிம்பா நாற்சந்திக்குள் விரியும் கை, யாருடையதாயினும், போக்குவரத்தே, அரசியல் அன்று." மூவரும் கையெழுத்திட்டு நாற்சந்தியில் ஒட்டினோம். மாற்றல் ரத்து.

செப்டம்பர் 13
தெண்டேகாய்க்குப் பெண் குழந்தை.

செப்டம்பர் 28
நாற்சந்திப் பக்கம் போனேன். கூட்டம். இறைச்சிக் கடைக்காரர் எதிர்ப்புறம் நின்ற மைத்துனருக்குக் கையசைத்தார். மைத்துனர் திருப்பி அசைத்தார். மிதிவண்டியில் வந்த ஆசிரியர், சந்திக்குள் வரும்வரை பொறுத்திருந்து எனக்குக் கை தூக்கினார். பேருந்து நிலையத்திலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள்.
"இங்க எதுக்கும்மா ஓடி வர்றே?"
"தங்கச்சி ஊருக்குப் போறாய்யா. பஸ் இந்த வழியாத்தான் போகும். ஒரு தடவ கை காட்டிட்டுப் போயிடறேன்."
தெண்டேகாய் சந்தி நடுவில் கைவிரித்து நின்றார். நான்கு பக்கமும் வண்டிகள் நின்றன. யாருக்கும் போக அவசரமில்லை.
மாலையில் அறிக்கை: "நாற்சந்தியில் கடும் நெரிசல். காரணம் குழுவுக்குத் தெரியவில்லை." ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லாமல் மசேகோவும் மாய் ருக்குனியும் கையெழுத்திட்டார்கள்.