முதல் பெட்டி காலனியில்

இன்று காலை திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் கம்பத்தடியில் உட்கார்ந்து, ஒட்டுப்போடும் முன் இணையக் கேபிளின் கண்ணாடி இழையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு உன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பைபாஸில் லாரி மோதி நீ போன அன்றும் இருந்தது.

உலகம் முழுக்க எல்லோருக்கும் மலிவான இணையம் என்று மேடையில் பேசுகிறார்கள். அந்த உலகம் எந்தக் கம்பத்தோடு முடிகிறது என்று சொல்வதில்லை. மயிலம் பக்கத்தில் நம் கிராமத்தில் அது ஊர்த்தெருவின் கடைசிக் கம்பத்தோடு முடிந்தது. அங்கிருந்து நம் காலனிக்கு ஒற்றை ஒயர். ஒரு இணைப்பின் கட்டணத்தை நாலு வீடு பிரித்துக் கட்டினோம். திருவிழாவில் வாய்த்தகராறு வந்தால் போதும், மறுநாள் ஒயர் அறுந்து கிடக்கும். கேட்டால் "அணில் கடிச்சிருக்கும்" என்பார்கள்.

"இந்த ஊரு அணிலுக்கு சாதி தெரியுதுடா மச்சான்" என்பாய் நீ.

பழைய ஒயரை மாற்றும் வேலை நம் இருவர் கைக்கு வந்தபோது நீ வழியையே திருப்பிப் போட்டாய். மெயின் ரோட்டிலிருந்து ஏரிக்கரையைச் சுற்றி, வீடுகளுக்கு இணைப்பைப் பிரிக்கும் முதல் பெட்டி காலனியில். அதிலிருந்துதான் ஊர்த்தெருவுக்கு.

ஊர்த்தெருக்காரர் ஒருவர் வந்து நின்றார். "ஏம்பா, நேரா எங்க தெருவுக்கு வராம எதுக்கு ஏரிய சுத்திக்கினு போவுது?"

"அந்தப் பக்கம் போஸ்ட்டு ஸ்ட்ராங்குங்க" என்றாய், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஏணிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த திருவிழாவிலும் தகராறு. அந்த ஊர்த்தெருக்காரரின் மகன் கட்டிங் பிளேயரோடு நம் தெருமுனைக் கம்பத்துக்கு வந்தான். பின்னாலேயே அவரும் ஓடி வந்தார்.

"டேய், அத்தத் தொடாத. நம்ம வூட்டுக்கும் அதுலதான் வருது. மேட்ச் ஓடிக்கினு இருக்குது."

அவன் கையை இறக்கிவிட்டான். அந்த ஒயரை இன்றுவரை எந்த அணிலும் கடிக்கவில்லை. மற்றபடி ஊர் திருந்திவிடவில்லை. "அவங்க திருந்தற வரிக்கும் நம்ம புள்ளைங்க வெயிட் பண்ணணுமா?" என்று நீ கேட்டாய். இப்போது நம் தெருப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் போட ஊர்த்தெருக் கடை வாசலில் நிற்பதில்லை. அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து போடுகிறார்கள்.

இன்று இந்தக் கிராமத்திலும் முதல் பெட்டியைக் காலனியில்தான் வைத்தேன். வண்டியில் போன ஒருவர் நிறுத்திக் கேட்டார். "எதுக்குத் தம்பி இப்டி சுத்திக்கினு போறீங்க?"

"அந்தப் பக்கம் போஸ்ட்டு ஸ்ட்ராங்குங்க."

நானும் சிரிக்காமல் சொல்லப் பழகிவிட்டேன், மச்சான்.