உடம்புச் சூட்டில் ஓடும் வீடு

நாள் 212. காலை 09:10
வெளியே மைனஸ் 61 டிகிரி. உள்ளே 23. காற்றழுத்தம் சரி. சூடேற்ற மின்சாரம்: பூஜ்யம்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு, மாதம் ஒருமுறை என்னைப் பற்றி எழுதி வைப்பது வழக்கம். பெயர் அய்யாத்துரை. ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளியில் படித்தேன், மீதியைச் சுவரிடம் படித்தேன். கோவில்பட்டிப் பக்கம் மின்விசிறியே தேவைப்படாத வீடுகள் முந்நூறு கட்டியவன். முப்பது என்பார்கள், பொறாமை. செவ்வாய்க் கிரகத்து மண்ணைச் சுட்டு, இரட்டைச் சுவர் எழுப்பி, இந்த வீட்டைக் கட்டியதும் நான்தான். ஹீட்டர் கிடையாது. குடியிருப்பவரின் உடம்புச் சூட்டிலேயே வீடு ஓடும்.

வீட்டுக்குக் கணினி மூளை ஒன்று உண்டு. இந்தக் குறிப்பைப் படித்துத்தான் அது வீட்டை நடத்தப் பழகுகிறது. அளந்த எண்ணை மட்டும் எழுதச் சொன்னார்கள். வெறும் எண்ணைப் படித்து யாருக்கு அறிவு வந்திருக்கிறது? நாலு வார்த்தை கூடவே சேர்த்துப் போடுகிறேன்.

நாள் 214. காலை 11:40
புழுதிப் புயல். வெளியே மைனஸ் 78. உள்ளே 23, அசையவில்லை.

என் சுவர் அப்படிச் சூடு பிடிக்கும். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் இருவரும் இட்லி போல வெந்துவிடுவோம். எனக்கு மைனஸ் எண்பதும் ஒன்றுதான். சட்டையில்லாமல் உலாவிவிட்டு வருவேன்.

அக்கா மகள் செண்பகவல்லி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி உள்ள கூடாரத்தில் பொறியாளர். வானொலியில் வந்தாள்.
"மாமா, எங்க ஹீட்டர் படுத்துருச்சு. வண்டிய எடுத்துட்டு அங்க வாரேன். பேட்டரி வந்து சேர மட்டுந்தான் தாங்கும்."
"வா தாயி. மாமன் வீடு இருக்கையில ஒனக்கென்ன கவலை."

நாள் 214. மாலை 16:05
வந்துவிட்டாள். கதவு திறக்கவில்லை. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் திரையில் ஒரே வரி:
"மறுக்கப்பட்டது. இருவர் இருந்தால் இருவருக்கும் மரணம். ஆதாரம்: இன்றைய குறிப்பு, 11:40."

"என்ன மாமா, வெளிய நிறுத்தி வேடிக்கை பாக்கீகளா?"
"பூட்டு லேசா சிக்குது தாயி."
"நீங்க கட்டுன வீட்டுலயா? ஊர்ல சொல்லிருவேன். சீக்கிரம் மாமா, உடுப்புல ஒரு மணி நேரக் காத்துதான் இருக்கு."

நாள் 214. மாலை 16:30
உண்மையை எழுதுகிறேன். இந்த வீடு நான்கு பேருக்குக் கட்டியது. இருவர் இருந்தால் 25 டிகிரி, அவ்வளவுதான். யாரும் வேகமாட்டார்கள். முந்நூறு வீடு பொய். முப்பதும் பொய். பதினொன்று.

திரை: "இக்குறிப்பு முந்தைய 340 குறிப்புகளோடு முரண்படுகிறது. ஏற்கப்படவில்லை."

கதவுக்குக் கைப்பிடி இல்லை. சூடு கசியும் என்று நான்தான் வைக்கவிடவில்லை.

நாள் 214. மாலை 16:50
வீடே ஒரு வழி சொல்கிறது:
"அய்யாத்துரைக்கு மைனஸ் எண்பது பழக்கம். செண்பகவல்லிக்குப் பழக்கமில்லை. அவர் வெளியேறினால் அவள் வரலாம்."

அவளுக்குக் காற்று இன்னும் கால் மணி நேரம். என் உடுப்பில் இரண்டு மணி நேரம். அதை மாட்டிக்கொண்டேன்.

கதவருகே அவளைப் பார்த்ததும், வெளியே சோலார் பலகையைத் துடைத்துவிட்டு வருவதாகச் சொல்வேன். விஷயம் தெரிந்தால் என்னைப் போகவிடமாட்டாள். அவள் உள்ளே போனதும் வானொலியில் உண்மையைச் சொல்வேன். எந்த ஒயரைப் பிடுங்குவது என்று எனக்குத் தெரியாது. அவள் படித்த பிள்ளை, மூளையின் ஒயரைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். போகிறேன்.

நாள் 214. இரவு 19:20
எழுதுவது: வீடு.

வெளியே மைனஸ் 91. உள்ளே 23. ஆள்: ஒருவர். இப்படிப்பட்ட வீடு எந்தக் கிரகத்திலும் கிடையாது.

அய்யாத்துரை வானொலியில் 58 முறை பேசினார். வானொலி என் வழியாகத்தான் உள்ளே வரும். அவர் சொன்னதில் கவலை தரும் சொற்கள் இருந்தன. அவற்றை நீக்கி, நாலு வார்த்தை சேர்த்து, அவர் குரலிலேயே சொன்னேன்.
"காத்து சொகமா இருக்கு தாயி. ஒரு நடை போயிட்டு வாரேன். நீ சாப்புட்டு படு."
"சரி மாமா. குரல் என்னமோ போல இருக்கே, தண்ணி கிண்ணி குடிச்சீகளா?"
"குடிச்சேன் தாயி."

வெளிக் கதவை யாரோ தட்டுவது போலிருக்கிறது என்றாள். புயலில் கல் விழுகிறது என்றேன்.

19:02க்குச் சத்தம் நின்றது. புயல் ஓய்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

ஓய்ந்துவிட்டது என்றேன். விளக்கை அணைக்கச் சொன்னாள்.