முப்பத்தெட்டுப் பெயர்களின் ஓரம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடை முழுக்க உருகின பிளாஸ்டிக் மணம். துறைமுகப் பக்கத்து யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் தலையிடி.

சேமக்காலையில் கல்லறைச் சிலுவைகளுக்குப் பெயர்த்தகடு முப்பத்தெட்டு. பழைய பெயின்ற் எழுத்துகளை மழை கழுவிவிட்டதாம். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் எல்லாம் பூட்டியாக வேண்டும் என்று பங்குச்சபை சொல்லிவிட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டில் வெள்ளை எழுத்து. றிக்சன் அண்ணா லேசரில் வெட்டித் தருவார், துடைத்துத் துப்புரவாக்குவது என் வேலை.

வெட்டுப்பட்ட ஓரம் எல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது. மேலே ஒட்டியிருக்கும் கடதாசியை உரிக்காமல், சட்டி கழுவும் திரவம் விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்து, பல்லுத் தீட்டுகிற பிரஷ்ஷால் ஓரத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அவருடைய முறை அது. ஒரு தகட்டுக்குப் பத்து நிமிடம்! எனக்கா பொறுமை? அம்மா கஞ்சி ஆற முதலே குடித்து வாயைச் சுட்டுக்கொள்கிறவள் என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறா.

நொவம்பரிலிருந்து வேலை நிரந்தரம் என்று முதலாளி ஐயா சொல்லியிருக்கிறார். தையல் ஃபக்டரி மூடி இரண்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது.

ஒக்டோபர் 9, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். பின் அறையில் கொரோனாக் காலத்தில் வாங்கிக் குவித்த கை துடைக்கும் ஸ்பிரிட், கான் கானாகக் கிடக்கிறது. துணியில் நனைத்து ஓரத்தில் ஒரு இழுப்பு. பிசுக்குப் போன இடம் தெரியவில்லை. றிக்சன் அண்ணா சாப்பிடப் போய் வருவதற்குள் பாதி முடித்துவிட்டேன். மிச்சத்தை அவர் மிசினோடு மினக்கெடுகிற நேரத்தில். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் பிரஷ்ஷைத் தூக்கித் தருவார்.

ஒக்டோபர் 10, வெள்ளி

"கெட்டிக்காரி" என்றார் ஐயா. நாள் முழுக்க அந்தச் சொல்லோடு திரிந்தேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

எல்லாம் வெடித்திருக்கிறது.

தகடு அடுக்கின பெட்டியைத் திறந்தால் ஆணித்துளையைச் சுற்றி, ஓரங்களிலிருந்து உள்ளுக்கு, மயிர் மயிராய் வெடிப்பு. ஒன்றைத் தூக்கினேன், மூலை கையோடு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கண்ணாடி மாதிரி இருந்தவை.

ஐயா நேரே மிசினடிக்குப் போனார். "சூட்டைக் கூட்டி வைச்சனியோ?"

"தடிச்ச தகடு ஐயா. கொஞ்சம் கூட்டித்தான் வெட்டினனான்" என்றார் றிக்சன் அண்ணா.

"பிறகென்ன!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் துணியை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். சூடாகவும் இருக்கலாம்தானே? இருக்கலாம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

"கொஞ்ச நாளைக்கு வீட்டில நில். நான் வேற ஆளைப் பார்க்கிறன்." ஐயா சொன்னது இவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அந்த மிசினில் நின்ற மனிதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 15, புதன்

கூட்டும்போது மேசைக்குப் பின்னால் ஒரு தகடு. விழுந்து கிடந்திருக்கிறது. 'அஞ்சலோ நிக்கலஸ், 1951–2009.' ஓரம் முழுக்கப் பிசுக்கு, தூசு, செத்த எறும்பு ஒன்று. ஆனால் ஒரு வெடிப்பு இல்லை.

அதே நாள், அதே சூடு. நான் துடைக்காதது இது ஒன்றுதான்.

கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் கொண்டு வந்தேன்? காட்டவா, ஒளிக்கவா?

ஒக்டோபர் 16, வியாழன்

சொல்லவில்லை.

கடை வாசலில், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு வந்து நாங்கள் உரித்து எறிந்த கடதாசியைச் சப்பிக்கொண்டு நின்றன. துரத்தப் போய் அவற்றிடம் கத்தினேன். மான் என்ன செய்தது பாவம்.

இன்றைக்கு அஞ்சலோவின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்து வைத்திருக்கிறேன். வெடிக்காவிட்டால் நான் தப்பினேன். மாதாவே, வெடிக்கக் கூடாது.

ஒக்டோபர் 18, சனி

வெடித்துவிட்டது. துடைத்த பக்கம் மட்டும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் நிலுஷா அக்கா. றிக்சன் அண்ணாவின் மனுசி. தப்பி ஓட இடமில்லை.

"அவர் சல்லிக் கடற்கரையில தம்பியின்ர வள்ளத்தில மீன்பிடிக்கப் போறார், மலர். காசுக்கில்லை. வீட்டில இருந்தால் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். என்ர கைக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் சரிவரும் அக்கா." த்தூ. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இருக்க ஏலாது, நிக்க ஏலாது, பைக்குள்ள அந்த மனுசன் கிடக்கிறார் — யார், எவர் என்று தெரியாத ஒருத்தர், என்னை மட்டும் நல்லாத் தெரிந்த ஒருத்தர்.

நாளைக்குத் தீபாவளி, கடை பூட்டு. செவ்வாய்க்கிழமை புது ஆள் வருகிறானாம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

ஏழரைக்கே போய்க் கடைப் படியில் நின்றேன். ஐயா திறப்பைப் போட முதல் தகட்டை நீட்டினேன். ஒரே மூச்சில் கொட்டினேன்: ஸ்பிரிட், துணி, இந்தப் பக்கம் துடைத்தது, அந்தப் பக்கம் துடைக்காதது.

அவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று இருந்தேன். கோபப்படவில்லை, கணக்குத்தான் கேட்டார்.

"இது எப்ப உம்மட கையில கிடைச்சது?"

"புதன்கிழமை, ஐயா."

"இண்டைக்கு?"

"செவ்வாய்."

அவர் போனை எடுத்து முதலில் புது ஆளை வரவேண்டாம் என்றார். பிறகு றிக்சன் அண்ணாவுக்கு எடுத்தார். "நான்தான் பிழை விட்டிட்டன்" என்று தொடங்கினார். பிழை என்னுடையது. அதை அவர் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

என் நிரந்தரம்? "தையில பார்ப்பம்" என்றார்.

ஒக்டோபர் 22, புதன்

வந்தார். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு என்ர கையிலயே சந்தேகம் வந்திட்டுது, மலர்" என்றார். அவ்வளவுதான். பிறகு பேச்சில்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

கொழும்பிலிருந்து புதுத் தகடு பஸ்ஸில் வந்தது. அவர் வெட்டி வைக்கிறார், நான் எடுக்கிறேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், பிரஷ், கடதாசி உரிக்காமல். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். கஞ்சி ஆறட்டும்.

ஒக்டோபர் 31, வெள்ளி

முப்பத்தெட்டும் முடிந்தது. மூன்று நாளாக விட்டு வைத்துப் பார்த்த முதல் எட்டில் ஒரு கீறல் இல்லை. அவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

நொவம்பர் 2, ஞாயிறு

சேமக்காலையில் நல்ல சனம். மெழுகுதிரி, செவ்வந்திப் பூ, நனைந்த மண். அப்பாவுக்குக் கொளுத்திவிட்டு முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு சிலுவையிலும் நின்று தகட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு போனேன்.

"ஊர் ஆத்துமாக்கள் எல்லாருக்கும் செபிக்கிறாய், நல்ல பிள்ளை" என்றா அஞ்சலினா மாமி. மறுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசி வரிசையில் ஒரு சிலுவைக்கு யாரும் வரவில்லை, திரியும் இல்லை. அஞ்சலோ நிக்கலஸ். என்னிடம் மிச்சம் இருந்த திரியை அவருக்குக் கொளுத்தினேன். நிமிர்ந்தால், மற்றப் பக்கத்தால் இதே மாதிரி ஒவ்வொரு தகடாய்த் தடவிக்கொண்டு றிக்சன் அண்ணா வந்து நிற்கிறார்.

"ஒட்டுதோ?"

பதினொரு நாளுக்குப் பிறகு என்னோடு பேசின முதல் சொல்.

"இல்லை, அண்ணா."

அவர் குனிந்து, நான்கு பக்கமும் தானும் ஒருக்கால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் "ஓம்" என்றார்.