நாம் பார்க்காத படத்தின் இசை

நேற்று மாலை என்னோடு புனேயின் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் ஒருத்தியின் மகளுக்குப் பிறந்தநாள். நான் சமையலறையில் நின்று காகிதத் தட்டுகளில் கேக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளை ஓரிடத்தில் உட்கார வைக்க யாரோ கூடத்தில் ஒரு கார்ட்டூன் படத்தைப் போட்டுவிட்டார்கள். முதலில் ஒற்றைப் புல்லாங்குழல். பிறகு தூரத்துக் கடல் மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு மேலே ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல், வாய் திறக்காமல் முனகுகிற மாதிரி. என் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவேதான் வந்தது.

கூடத்துக்கு ஓடினேன். திரையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட அந்தப் பெண். நம் நிறப் பட்டியலில் அந்தச் சிவப்புக்கு எண் நாற்பத்தொன்று, நிழலில் நின்றால் நாற்பத்திரண்டு. எட்டு வருடம் கழித்தும் எண் மறக்கவில்லை. நீயும் நானும் எத்தனை ஆயிரம் முறை அவளுக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டிருப்போம்! அவள் நடந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நேற்றுதான் பார்த்தேன். அந்தக் குரல் வருகிற இடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு குண்டு மனிதர் சூப் குடிக்கிறார். மீசையில் சூப் ஒட்டிக்கொள்கிறது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மறுபடி சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மீதியைக் காதால் மட்டும் கேட்டேன். நமக்கு அது அப்படித்தானே பழக்கம்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் பிறந்து இந்தியில் படித்தவள் நீ. தமிழ் பேசுவாய், வாசிக்க வராது. "எழுத்தெல்லாம் ஜிலேபி மாதிரி இருக்கு" என்பாய். ஆகவே உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புனேயின் கேம்ப் பகுதியில் அந்தப் பழைய கட்டடத்தின் அடியில் பன்னிரண்டு படி இறங்கினால் நம் ஸ்டுடியோ. வெளிநாட்டில் யாரோ எடுக்கும் கார்ட்டூன் படங்களுக்குக் கோட்டுச் சித்திரங்கள் வரும். அவற்றுக்குக் கணினியில் நிறம் நிரப்புவது நம் ஏழு பேரின் வேலை. கோயம்புத்தூரில் ஓவியப் பட்டயம் முடித்த கையோடு நான் வந்து சேர்ந்தேன். மூன்று வருடம் வேலையை விடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, என் சான்றிதழ்களை முதலாளி தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். 'நம் படங்களை யாரும் வெளியே கொண்டுபோய்விடக் கூடாது' என்று பகலெல்லாம் ஷட்டரைப் பாதிக்கு இறக்கியே வைப்பார்கள். முடித்ததை அனுப்பும் நாட்களில் முழுக்க இறக்கி வெளியே பூட்டுப் போட்டுவிடுவார்கள். சுவரின் உச்சியில் தெருமட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல், அழுக்குக் கண்ணாடி, கம்பி. அதில் போகிறவர் வருகிறவரின் செருப்புகள் மட்டும் தெரியும். மாலையில் வெளியே வந்தால் ஏழு மணிக்குள் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும், அங்கேயும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்கு நடப்பதுதான் எனக்குப் புனே. முதல் மாதம் முழுக்க மூச்சு அடைத்துக்கொண்டே இருந்தது.

நீ பக்கத்து நாற்காலி. முதல் நாள், "க்யா ஹுவா யார்?" என்று கேட்டாய். 'என்ன ஆச்சு' என்று விசாரிக்கிறாய், 'யார்' என்றால் இந்தியில் தோழமையாகக் கூப்பிடுவது என்று எனக்கு எங்கே தெரியும்? நான் யார் என்று கேட்கிறாய் என்று நினைத்து, பெயர், ஊர், அப்பா வேலை எல்லாம் ஒப்பித்தேன். நீ மேஜையில் தலை கவிழ்த்துச் சிரித்தாய்.

அந்தப் படத்தின் இசைத்தட்டைக் கொண்டுவந்தவள் நீதான். அசைவு சரிபார்க்கிறவர்களுக்கென்று படத்தோடு அனுப்பியிருந்தார்கள். நிறம் நிரப்புகிற நமக்கு அதில் வேலையே இல்லை. நீ போய்ச் சிரித்துப் பேசி வாங்கிவந்து, பெரிய ஸ்பீக்கர் இரண்டில் இணைத்துவிட்டாய். மொத்தம் பதினோரு துண்டு. படம் எதைப் பற்றி என்று நமக்குத் தெரியாது. காட்சிகள் வரிசையில்லாமல் வரும். இன்று ஒரு கல்வீடு, நாளை பனிமூட்டத்தில் படகு, இன்னொரு நாள் சாம்பல் நிறப் பறவையின் இறக்கை மட்டும் முந்நூறு. கதைச் சுருக்கம் சூப்பர்வைசரிடம் இருந்தது. நான் கேட்டு வாங்கலாம் என்றேன்.

"வேண்டாம்," என்றாய். "தெரிஞ்சுட்டா போச்சு. அப்புறம் அது அவங்க படம். இப்ப நம்ம படம்."

அப்படித்தான் நாம் அந்தப் படத்தைக் காதால் எடுத்தோம். நான்காவது துண்டில் மழை நின்றுவிட்டது என்பாய். ஏழாவதில் முரசுகள் அதிரும்போது, "தீவு பூரா ஆளுங்க ஓடறாங்க பார்" என்பாய், நிஜமாகவே பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பி. ஒன்பதாவதுக்குத்தான் நமக்குள் சண்டை. அந்த முனகல் குரல் வந்ததும், பறவை செத்துவிட்டது என்பேன் நான். "பாகல், பைத்தியமே, இங்கதான் அவ கதவைத் திறக்கிறா" என்பாய் நீ. ஒரு வருடம் விட்டுக்கொடுக்கவில்லை இருவரும். அந்த ஐம்பது நிமிடத்துக்கு மட்டும் எனக்குச் சுவர்கள் தள்ளிப் போகும். தட்டு முடிந்ததும் மவுஸ் சத்தமும் டியூப்லைட் இரைச்சலும் திரும்ப வந்து மேலே கவியும். "இன்னொரு தடவை," என்பேன். போடுவாய்.

படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட அரைநாள் விடுப்பு எடுப்பாய். கேட்டால், "விட்டமின்" என்பாய். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அந்த ஆடி மாத மத்தியானம். வெளியே கொட்டுகிற மழை. சூப்பர்வைசர் முடித்த வேலையை அனுப்ப கூரியர் அலுவலகம் போயிருந்தார், ஷட்டருக்கு வெளியே பூட்டு. கரண்ட் இல்லை. நனையக் கூடாதென்று ஜெனரேட்டரைப் படிக்கட்டுத் திருப்பத்திலேயே வைத்து ஓடவிட்டிருந்தார்கள். முதலில் கண் எரிந்தது. பிறகு ஒருத்தி தலை சுற்றுகிறது என்று மேஜையில் சாய்ந்தாள். ஷட்டரின் அடி இடுக்கில் கரும்புகை தவழ்ந்து வந்தபோதுதான் புரிந்தது. ஜெனரேட்டரை நிறுத்த வழியில்லை, அது பூட்டுக்கு அந்தப் பக்கம். நம் யாரிடமும் செல்போன் கிடையாது. இருந்த ஒரே போன் சூப்பர்வைசர் அறையில், அதுவும் பூட்டு. தகரத்தைக் கையால் அடித்தோம். தொண்டை கிழியக் கத்தினோம். மழைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நம் குரல் எங்கே கேட்கும்? ஜன்னலில் செருப்புகள் போய்க்கொண்டே இருந்தன.

நீ சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாய். உதடு நீலம். நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ பேச முடியாமல் திணறி, விரலை நீட்டினாய்.

"ஸ்பீக்கர்... ஜன்னல் கிட்ட... ஏழு."

ஒரு கணம் உனக்குப் பிதற்றல் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. மேஜைமேல் மேஜை போட்டோம். நான் ஏறி ஸ்டூல் காலால் கண்ணாடியை உடைத்தேன். இரண்டு ஸ்பீக்கரையும் கம்பியில் ஒட்டி நிறுத்தி, ஒலியை முழுக்கத் திருகி, ஏழாவது துண்டைப் போட்டோம். நம்மைக் கொல்ல வந்த அதே ஜெனரேட்டரின் மின்சாரத்தில் அத்தனை முரசும் தெருவில் வெடித்தன. உள்ளே நம் பற்கள் அதிர்ந்தன. முடிந்தது. மறுபடி போட்டோம். மூன்றாவது முறை, ஜன்னலில் ஒரு முகம் தலைகீழாகக் குனிந்தது. எதிர்த்த தையல் கடைக்காரர்.

"ஏய்! ஆவாஜ் கமீ கரா!" என்று மராத்தியில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அதட்டியவர், மூக்கைச் சுளித்தார். அப்புறம் அவர் கத்தின கத்தல் நம் கத்தல் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆட்கள் ஓடிவந்தார்கள். இரும்புக் கம்பியால் பூட்டை நெம்பி ஷட்டரைத் தூக்கினார்கள். உன்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம். மழை முகத்தில் விழுந்தது. நான் வாயைத் திறந்து அதைக் குடித்தேன்.

மற்றவர்கள் அன்று மாலையே தேறிவிட்டார்கள். உன்னை மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு பழுதான பெண், இது உங்களுக்குத் தெரியாதா என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"வீட்ல தெரியுமா?" என்றேன் உன்னிடம்.

"வீட்லதான் தெரியும். அதான் ப்ராப்ளம்." மூக்கில் குழாயோடு சிரித்தாய். "அம்மா ஒரு பக்கெட் தூக்க விடமாட்டாங்க. ட்வெல்த் முடிச்சு நாலு வருஷம் அந்த க்வார்ட்டர்ஸ்ல ஃபேனை பாத்துட்டே படுத்திருந்தேன் யார். உக்காந்து பண்ற வேலைதான்னு அழுது, சண்டை போட்டு வந்தேன். உனக்கு அந்த இடம் ஜெயில். எனக்கு அதான் வெளிய."

ஒரு வருடம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த இடத்தைத் திட்டாத நாளில்லை. ஒருநாளும் நீ மறுத்துப் பேசவில்லையே.

மூன்றாம் நாள் உன் அப்பா அழைத்துப் போக வந்தார். ராணுவ டெப்போ சீருடையிலேயே வந்திருந்தார். இனி வேலை கிடையாது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி நீ ஆட்டோவை ஸ்டுடியோ வாசலில் நிறுத்தவைத்தாய். கூடவே வந்த என் தோளைப் பிடித்துப் பன்னிரண்டு படியும் இறங்கினாய். முதலாளி நம் ஆட்களிடம், நடந்தது விபத்து என்று இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

பிறகு இந்தியில், குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "இங்கிருந்து நான் போலீஸுக்கும் போகலாம், வீட்டுக்கும் போகலாம். இந்த ஆறு பேருடைய சர்டிபிகேட்டும் இந்த மேஜைக்கு வந்தால் வீட்டுக்குப் போவேன்."

அவர் உன் உதட்டைப் பார்த்தார். உடைந்த ஜன்னலைப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார்.

ஒவ்வொரு உறையாகப் பெயர் பார்த்துக் கொடுத்தாய். என்னுடையதைக் கையில் திணித்து, "போ," என்றாய்.

"உன்னுது?"

"எங்கிட்ட வாங்கி வெக்க என்ன இருந்தது? நான் வெறும் ட்வெல்த்."

மேலே உன் அப்பா கூப்பிட்டார். உன் கணினியை ஒருமுறை பார்த்தாய். "ஸீன் பாதில நிக்குது யார்," என்றாய். அவ்வளவுதான். எங்களை வெளியே அனுப்பிவிட்டு நீ மறுபடி அந்த வீட்டுக்குள் போனாய்.

இரண்டு மாதத்தில் ஹிஞ்சேவாடியில் எனக்கு வேலை கிடைத்தது. கண்ணாடிச் சுவர், கம்பெனி வண்டி, பெரிய ஜன்னல். உன் வீட்டுக்கு இரண்டு முறை வந்தேன். முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாய். நான் பேசப் பேச உன் அம்மா வாசலில் நின்று, உனக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் முறை கிளம்பும்போது, "அந்த சிடி கெடைக்குமா?" என்று கேட்டாய். அடுத்த மாதமே நம்மில் ஒருத்தியிடமிருந்து பிரதி எடுத்துவிட்டேன். அது என் அலுவலக மேஜை இழுப்பறையில் பதினான்கு மாதம் கிடந்தது. அரை மணி தூரம்தான். போனில் ஒவ்வொரு முறையும், "அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா வரேன்" என்பேன். "ஆராம்சே வா," என்பாய். அவசரமில்லை, மெதுவாக வா என்று. உன்னிடம்தான் நேரம் இல்லாமல் இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

நீ போய்ப் பதினோராம் நாள் எனக்குச் செய்தி வந்தது. அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து எதிரே உட்கார்ந்தார். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத எதுல போடறதுன்னுகூட எங்களுக்குத் தெரியாதே, நீயே வச்சிக்கோம்மா" என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

"ரேடியோ போடட்டான்னா வேணாம்பா. மத்தியானம் சாப்ட்டு படுத்தா அவளாவே ஏதோ முனகிக்கினே இருப்பா. ஒரு வார்த்தை இருக்காது. ஒரு மணி நேரம் போவும். நடுவுல நான் ஏதாச்சும் கேட்டா கைய காட்டி நிறுத்துவா. 'வெளிய போயிருக்கேம்மா, வந்து பேசறேன்'னுவா."

அந்த வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை நான் எப்படி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தெரிந்தவர் யாராவது வீட்டோடு கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த வாரமே போய்விடுகிறேன். பேச எதுவும் இருக்காது. போய் உட்காருவேன். போன மாதம் என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். சேதி வந்த அன்றே போய் நின்றேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்? இன்னொரு நாள் மெதுவா வந்திருக்கலாமே" என்றாள்.

"இன்னொரு நாள்னா வரமாட்டேன்மா," என்றேன். "என்னை எனக்குத் தெரியும்."

ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.